முகம் தெரிந்த நேரம்

சட்டம் வந்த அன்றைக்கே அந்த வீட்டில் அதை வரவேற்று ஒரு வீடியோ எடுத்தார்கள். நீல சோபாவில் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் பட்டாணி. "இனிமே எந்தக் குழந்தையோட உழைப்பையும் யாரும் சுரண்ட முடியாது, கேக்கவே எவ்வளவு சந்தோஷமா இருக்கு" என்று அம்மா சொல்ல வேண்டும். உடனே பட்டாணி இரண்டு கையையும் தூக்கி "ஹேய்" என்று கத்த வேண்டும். ஒன்பது தடவை எடுத்தும் அந்த "ஹேய்" சரியாக வரவில்லை. பத்தாவது தடவை வந்தபோது பள்ளிக்கூட வேன் போய்விட்டிருந்தது. அன்றைக்கு லீவு.

அதை வெட்டி ஒட்டி, சாயங்காலத்துக்குள் சேனலில் ஏற்றியவள் எடிட்டர். ஒன்பது "ஹேய்"களையும் உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் வாய்த்திருந்தது. ஜனங்கள் பார்ப்பது பத்தாவதை. பெற்றவர்கள் எடுத்ததோடு சரி, திரும்பிப் பார்ப்பதில்லை. நடுவில் கிடக்கிற கொட்டாவி, மூக்கைச் சொறிவது, "அம்மா, போதும்மா" என்பது, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத் தூக்கி எறிவதுதான் அவள் வேலை.

பட்டாணிக்கு ஒன்பது வயது. மூன்று வயதில் ஒரு பட்டாணியை மூக்குக்குள் போட்டுக்கொண்டு அழுத வீடியோ கன்னாபின்னாவென்று ஓடி, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சேனலுக்கும் "பட்டாணி வீடு" என்றே பெயர். குழந்தை மூச்சுத் திணறும்போது ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் கேமராவையா தேடினார்கள் என்று கேட்டால், ஆமாம், தேடினார்கள். பிறகு ஓடவும் ஓடினார்கள். ராட்சசர்களாக இருந்திருந்தால் எடிட்டருக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். அப்படியும் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பக்கத்திலேயே கிடப்பார்கள். கிடப்பதை மாற்றி மாற்றிப் படமும் எடுத்துக்கொள்வார்கள்.

எடிட்டர் அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் கல்யாண வீடியோ வெட்டியவள். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்தால் அது நிஜக் கண்ணீரா, கேமரா தன் பக்கம் திரும்பியதால் வந்த கண்ணீரா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். நிஜ அழுகையில் முதலில் மூச்சு தடுமாறும், முகம் அப்புறம்தான் கோணும். நடிப்பில் முகம் முந்திக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் அவள் தப்புச் சொன்னதே கிடையாது, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவள் வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடியபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். விளம்பரம் பார்த்து இங்கே வந்து சேர்ந்தாள்.

சேர்ந்த அன்றே, "இங்க சார், மேடம் எல்லாம் கிடையாது, நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார்கள். சம்பளம் கூட்டிக் கேட்கிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் குடும்பம்தான். அதனால் பட்டாணியின் அப்பா அவளுக்கு அண்ணன், அம்மா அண்ணி, அந்த முறைப்படி அவள் பட்டாணிக்கு அத்தை. ஹாலை ஒட்டி, முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டிருந்த அறை அவளுக்கு. ஜன்னலில் கறுப்புத் துணி, மேஜையில் இரண்டு திரை, ஒரு சக்கரம் கழன்ற நாற்காலி. நாலு வருஷமாக இடது பக்கம் சாய்ந்தே உட்கார்ந்து அவளுக்கு இடுப்பே ஒரு பக்கமாகப் போய்விட்டது.

அந்த வீட்டில் ஒலியைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் பதிவு செய்வார்கள். இரண்டையும் சேர்ப்பதற்காக ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் யாராவது ஒரு தடவை கைதட்ட வேண்டும். எடிட்டரின் திரையில் அந்தத் தட்டல் நெட்டுக்குத்தாக ஒரு கோடாக நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு படத்தையும் ஒலியையும் பொருத்துவாள். தட்டுவது பட்டாணியின் பொறுப்பு. ஒரு நாள் அறைக்குள் வந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் குச்சி குச்சியா நிக்கிறது என்ன அத்தை?"

"நீ தட்டுறதுதான்."

"ரெண்டு தடவ தட்டினா?"

"ரெண்டு குச்சி நிக்கும்."

"இதெல்லாம் அப்பா அம்மா பாப்பாங்களா?"

"அவங்களுக்கு ஏது நேரம். நான் மட்டும்தான் பாப்பேன்."

மறுநாள் வந்த பதிவில் ஓர் இடத்தில் இரண்டு குச்சிகள் நெருக்கமாக நின்றன. அண்ணன் விளக்கை நகர்த்தப் போயிருந்த நேரம். பட்டாணி முகத்தைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து, "அத்தை, கேக்குதா? நான்தான்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, சும்மா" என்றாள்.

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. இரண்டு தட்டு தட்டினால் அத்தைக்கு. "அத்தை, வயிறு வலிக்குது, சொன்னா அம்மா ஷூட்டிங் முடியட்டும்பாங்க." "அத்தை, பல்லு செவ்வாக்கிழமையே விழுந்துடுச்சு, இன்னிக்கு விழுந்த மாதிரி செய்யச் சொல்றாங்க, நீங்களே பாருங்க இது பொய்." "அத்தை, நான் இருமினத போட்டீங்கள்ல, ஸ்கூல்ல எல்லாரும் அப்படியே இருமிக் காட்டுறாங்க." ஒரு தடவை ரொம்ப நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, படுக்கையை நனைத்துவிட்டதைச் சொன்னாள். அம்மா அதையும் வீடியோவாகப் போட்டால் மற்ற அம்மாக்களுக்கு உபயோகமாக இருக்கும் என்கிறார்களாம். "எடுத்தாலும் நீங்க போடாதீங்க அத்தை." அது வராமல் போனதற்கு எடிட்டர்தான் காரணம். பதிவு கெட்டுப்போய்விட்டது என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

சாப்பாட்டு வேளையில் நடையில் எதிர்ப்பட்டால் எடிட்டர் மெதுவாக, "கேட்டுச்சு" என்பாள். அவ்வளவுதான் பதில். பட்டாணிக்கு அது போதும்.

"யாருக்கும் காட்ட மாட்டீங்கள்ல?"

"சேச்சே. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள."

வீடியோ ஏறிய மறுநாளே பதிவுகளை அழித்து இடத்தைக் காலி செய்வது எடிட்டரின் வழக்கம். இரண்டு தட்டு உள்ளவற்றை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. "மிச்சம்" என்று ஒரு ஃபோல்டர் போட்டுச் சேர்த்துவைத்தாள். அதில் இருநூற்றுச் சொச்சம் துண்டுகள் சேர்ந்திருந்தன.

இந்த நிலைமையில்தான் சட்டம் வந்தது. எடிட்டர் அதை முழுக்கப் படித்தாள். ஒரு சேனல் ஒரு மாதத்தில் வெளியிடுகிற காட்சிகளில், நூற்றுக்கு முப்பது பங்கு நேரத்துக்கு மேல் ஒரு குழந்தையின் முகம் தெரிந்தால், அது உழைக்கிற குழந்தை. வருமானத்தில் ஒரு பங்கு அதன் பெயரில் பூட்டிவைக்கப்படும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் படம் எடுக்கக் கூடாது. பள்ளி நேரத்தில் எடுக்கவே கூடாது. அந்த மாதத்துக்கு ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து குழந்தையோடு தனியாகப் பேசுவார். இந்தக் கடைசி வரியை எடிட்டர் மூன்று தடவை படித்தாள். பட்டாணியின் முகம் நூற்றுக்கு எழுபதுக்குக் குறைந்ததே இல்லை. இனிமேல் இந்தப் பிள்ளைக்கு விடிவுகாலம்தான் என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டிருக்கலாம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பட்டாணியிடமும் சொல்லிவிட்டாள்.

"ஒருத்தர் வருவாரு. உன்கிட்ட மட்டும் தனியா பேசுவாரு. எல்லாத்தையும் சொல்லலாம்."

"கேமரா இல்லாமயா?"

"கேமரா இல்லாம."

பட்டாணி அதை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அடுத்த பதிவில் இரண்டு தட்டு தட்டி, "அத்தை, அவரு எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

அவர் வரவில்லை. அதற்கு முன்னால் அண்ணன் எடிட்டரின் அறைக்கு ஒரு கால்குலேட்டரோடு வந்தார்.

"முப்பதுக்குக் கீழ வச்சுக்கலாம்மா. இருபத்தொன்பது, இருபத்தொன்பதரை."

எடிட்டர் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"நான் என்ன அவ காசத் திங்கவா போறேன்? இந்த வீடு யாருக்கு? எல்லாம் அவளுக்குத்தானே. ஆனா கண்டவன் வந்து என் பொண்ணத் தனியா ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய்ப் பேசுவான், அத நான் வெளிய நின்னு வேடிக்கை பாக்கணுமா? நீயே சொல்லு."

நியாயம் மாதிரியே இருந்தது. அந்த மனிதர் எதைச் சொன்னாலும் நியாயம் மாதிரியேதான் இருக்கும்.

சரி, முகம் குறைந்தால் பிள்ளைக்கு வேலையாவது குறையுமே என்று எடிட்டர் மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தக் கணக்கும் தப்பாகப் போனது. சட்டம் எண்ணுவது முகத்தை. முதுகை எண்ணாது, கையை எண்ணாது, குரலை எண்ணவே எண்ணாது. பட்டாணி முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மைப் பெட்டிகளைப் பிரித்தாள். கை மட்டும் தெரிய வண்ணம் தீட்டினாள். மணிக்கணக்காக மைக் முன்னால் உட்கார்ந்து குரல் கொடுத்தாள். தவறி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டால் முழு டேக்கும் வீண், மறுபடி முதலிலிருந்து. முன்பு ஒரு வீடியோவுக்கு இரண்டு மணி நேரம் ஆனது இப்போது ஐந்து மணி நேரம் ஆயிற்று. போதாக்குறைக்கு, மிச்சம் இருக்கிற முப்பது பங்கு முகமும் சும்மா இருக்கக் கூடாது, ஜனங்களைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று அண்ணி சொன்னாள். அதனால் சாதாரணமாகச் சிரிக்கிற முகத்துக்கு இடமில்லை. அழுகிற முகம், பயந்த முகம், ஏமாந்த முகம்.

எடிட்டர் நிறுத்துக் கடிகாரம் வைத்துக்கொண்டு நொடி நொடியாக முகத்தை எண்ணினாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எண்ணினாள் என்றே சொல்ல வேண்டும். மாதத்துக்கு எட்டு வீடியோ, தொண்ணூற்றாறு நிமிஷம். அதில் முகம் இருபத்தெட்டு நிமிஷம். அண்ணன் ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகுதான் ஏற்ற முடியும்.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது எடிட்டர் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு, அந்தச் சட்டத்தைக் கவனிக்கிற அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. அதிகாரி தலை நரைத்தவர். மேஜை மேல் முந்நூறு சேனல்களின் பட்டியல், அதன் மேல் சாப்பாட்டு டப்பா. பொறுமையாகத்தான் கேட்டார். கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார்.

"இந்த மாசம் இதுவரைக்கும் இருபத்தொன்பது புள்ளி ரெண்டும்மா. முப்பதத் தாண்டினாத்தான் அந்த வீட்டுக் கதவத் தட்டவே எனக்கு அதிகாரம்."

"அது எப்படி இருபத்தொன்பது ஆச்சுன்னு கேளுங்க சார்."

"நீங்கதானேம்மா வெட்டுனீங்க."

எடிட்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கைப்பையிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "இதுல எல்லாம் இருக்கு. அந்தப் பொண்ணே சொல்லியிருக்கா. வலிக்குதுன்னு சொல்லியிருக்கா. நேரம், தேதி எல்லாம் பதிவாகியிருக்கு."

அதிகாரி அதைத் தொடவில்லை. "இது வெளியான காட்சியா?"

"இல்ல."

"அப்ப இது அவங்க வீட்டுச் சொத்து. வெளியாகாத வரைக்கும் இது வீட்டு ஆல்பம் மாதிரி. இத நான் வாங்கிப் பாத்தேன்னா என் வேலை போயிடும், கேசும் நிக்காது."

"ஊர் உலகம் பாத்தாத்தான் நீங்க பாப்பீங்களா?"

அவர் பேனாவை மூடினார். "சட்டத்துல அப்படித்தான் இருக்கு. நான் எழுதல."

படி இறங்கும்போது எடிட்டர் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினாள். தொண்ணூற்றாறு நிமிஷத்தில் இருபத்தெட்டு. இன்னும் ஒன்றரை நிமிஷம், முழுக்க முழுக்க முகம் தெரிகிற ஒன்றரை நிமிஷம் வெளியானால் முப்பதைத் தாண்டிவிடும். அதிகாரி கதவைத் தட்டுவார். அந்த ஒன்றரை நிமிஷத்தில் பிள்ளை உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அதைப் பார்த்தும் ஆக வேண்டும். சேனலின் கடவுச்சொல் அவளிடம்தான் இருக்கிறது. "நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. பெரிய காரியத்துக்காகச் சின்ன வாக்கை மீறலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வாக்கு சின்னது என்று அவளுக்கு யார் சொன்னது?

மாதத்தின் கடைசி நாள், மதியம். அண்ணனும் அண்ணியும் ஒரு கடைத் திறப்புக்குப் போயிருந்தார்கள், பட்டாணி பள்ளிக்கூடத்தில். எடிட்டர் "மிச்சம்" ஃபோல்டரைத் திறந்து உட்கார்ந்தாள். படுக்கை விஷயத்தைத் தொடவே இல்லை. அந்த மட்டுக்கும் யோக்கியமாக நடந்துகொண்டாள். வயிற்று வலி, பல், "அவரு எப்ப வருவாரு" என்று கேட்டது, இன்னும் நாலைந்து. ஒன்றரை நிமிஷம்.

அப்படியே வரிசையாகப் போட்டு ஏற்றியிருந்தால் ஒருவேளை யாருக்கும் புரிந்திருக்காது, நாலு பேர் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், அதிகாரியின் கணக்கு மட்டும் ஏறியிருக்கும். ஆனால் இருபது வருஷத் தொழில். கை சும்மா இருக்கவில்லை. கைதட்டல்கள் காதில் அறைந்தன, வெட்டினாள். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை நொடி இருட்டு வைத்தாள். பல்லை முதலில் வைத்தாள், சிரிப்பு வரும். வயிற்று வலியைப் பின்னால் தள்ளினாள். தொடாமல் விட்ட படுக்கைத் துண்டிலிருந்து, பொத்தானைத் திருகுகிற விரல்களை மட்டும் இரண்டு நொடி சேர்த்தாள். கடைசியில் "அத்தை, கேக்குதா? நான்தான்" என்பதை வைத்து, அந்த முகத்தின் மேல் ஒரு மூச்சு நேரம் அதிகமாக நின்று முடித்தாள். ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தபோது அவளுக்கே அழுகை வந்தது. அவள் வாழ்நாளில் வெட்டியதிலேயே நன்றாக வந்தது அதுதான்.

மறுநாள் காலையில் அதைப் பதினொரு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

வேலை போகும் என்று எடிட்டர் கைப்பையில் தன் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். அண்ணி உள்ளே வந்தாள். எடிட்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதலில் மூச்சு தடுமாறியது, முகம் அப்புறம்தான் கோணியது. நிஜம். "எனக்குத் தெரியாதே, என் பொண்ணு வலிய என்கிட்ட சொல்லலியே" என்று அழுதாள். பத்து நிமிஷம் கழித்து அதே அழுகையை ஹாலில் கேமரா முன்னால் அழுதாள். அப்போது முகம் முந்திக்கொண்டது.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபத்தின் சாயலே இல்லை.

"இத்தன நாளா இத ஏம்மா மறைச்சு வச்சிருந்த?"

"இந்த மாசம் முப்பதத் தாண்டிருச்சு அண்ணா."

"போனாப் போகுது. ஒரு மாசம்தானே. அதிகாரி வந்துட்டுப் போகட்டும்." திரையில் பழைய துண்டுகளில் இரண்டிரண்டாக நின்ற குச்சிகளைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். "உனக்கு அடுத்த மாசத்துலேருந்து சம்பளம் கூட்டிடலாம்னு அண்ணி சொல்றா."

பட்டாணி அன்றைக்கும் மறுநாளும் எடிட்டரின் அறைப் பக்கம் வரவில்லை. நடையில் எதிர்ப்பட்டபோது சுவரோடு ஒட்டி நகர்ந்து போனாள். பதிவுகளில் ஒரு டேக்குக்கு ஒரு தட்டு, அதற்கு மேல் இல்லை.

சொன்னபடி அதிகாரி வந்தார். அண்ணி தண்ணீர் கொடுத்தாள். அவர் பட்டாணியை அவள் படுக்கை அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். எடிட்டர் தன் அறையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்து வலி, பல், காய்ச்சல், தூக்கம் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் கொட்டப்படப் போகிறது, அதற்குத்தானே இவ்வளவும். பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. பத்து நிமிஷம் போதாதே என்று அவளுக்குத் தோன்றியது.

அதிகாரி கிளம்பும்போது மாடிப்படி வரை கூடவே போனாள்.

"என்ன சொன்னா சார்?"

"ஒண்ணும் சொல்லலம்மா. வீடியோவுல சொன்னது எல்லாம் சும்மா விளையாட்டுக்குன்னா."

"அது பொய் சார். நீங்க சரியாக் கேட்டீங்களா? இது வெளிய போகாதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேனே. பயப்படாதே பாப்பா, இது உனக்கும் எனக்கும் மட்டும்தான்னு சொன்னேன்." அவர் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அத்தையும் அப்படித்தான் சொன்னாங்கன்னா."

படிவத்தில் "குறை ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தார். வேறு எதை எழுதுவார், மனிதர்.

அன்று சாயங்காலம் பட்டாணி தானாகவே அறைக்கு வந்தாள். வாசற்படியில் நின்றுகொண்டு, "படுக்கை விஷயமும் போடுவீங்களா?" என்று கேட்டாள்.

"போட மாட்டேன்டா. சத்தியமா போட மாட்டேன். உனக்காகத்தான் அத்தை அப்படி..."

"அழிச்சிடுங்க."

எடிட்டர் அந்த ஒன்றை அழிக்கப் போனாள்.

"எல்லாத்தையும்."

இருநூற்றுச் சொச்சம் துண்டுகள். ஊரில் எங்காவது, என்றைக்காவது, இதைப் பார்க்கத் துணிகிற ஓர் அதிகாரி வந்தால் காட்டுவதற்கு இருந்தது இது ஒன்றுதான். பட்டாணி உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, திரையில் அழிவதைக் காட்டுகிற பட்டை முழுதாக நிறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறைந்ததும், "குப்பையிலேருந்தும்" என்றாள். எடிட்டர் அதையும் காலி செய்தாள். மன்னிப்புக் கேட்கத் திரும்பியபோது வாசலில் ஆள் இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து சேனலில் ஒரு புதுப் பகுதி வந்தது. பெயர் "அத்தைக்கு மட்டும்". அண்ணனின் யோசனை. வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை நிமிஷம். பட்டாணி இரண்டு தட்டு தட்ட வேண்டும், முகத்தைக் கிட்டே கொண்டுவர வேண்டும், ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். ரகசியங்களை அண்ணி எழுதிக்கொடுத்தாள். ஜனங்களுக்கு அந்த இரண்டு தட்டு ரொம்பப் பிடித்துப்போய், அவரவர் வீட்டுப் பிள்ளைகளைத் தட்டவைத்து அனுப்பினார்கள். மற்ற இடங்களில் முதுகையும் கையையும் இன்னும் கொஞ்சம் கூட்டி, மொத்தக் கணக்கை இருபத்தொன்பதரையில் நிறுத்தினார்கள். அதிகாரிக்கு அந்த வீட்டில் வேலை இல்லாமல் போயிற்று. எடிட்டருக்கு வேலை இருந்தது, கூட்டிய சம்பளத்தோடு. விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்றால், போனால் இந்தப் பதிவுகளை வேறு யாரோ பார்ப்பார்கள், அந்த யாரோவுக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை. மீதி வீட்டு வாடகை.

மூன்றாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, அந்த வாரத்து "அத்தைக்கு மட்டும்" அவள் திரைக்கு வந்தது. எழுதிக்கொடுத்த ரகசியம் பழையதுதான், ஜனங்கள் திரும்பக் கேட்டதாம்: வயிற்று வலி.

முதல் டேக். இரண்டு தட்டு. "அத்தை, வயிறு வலிக்குது." முகம் முந்திக்கொண்டது. நடிப்பு. படத்துக்கு வெளியே அண்ணனின் குரல், "நல்லாருக்கு. இன்னொரு தடவ, கொஞ்சம் மெதுவா." இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எல்லாம் நடிப்பு. ஐந்தாவதில் மூச்சு தடுமாறிய மாதிரி இருந்தது. ஆறாவதில் அவள் இருமினாள், அதைத் தூக்கி எறிய வேண்டும். ஏழாவதில் தட்டல்கள் இரண்டும் மெலிந்து, குச்சிகள் குட்டையாக நின்றன. "அத்தை" என்றுவிட்டுப் பட்டாணி நிறுத்தினாள். வலது பக்கமாகக் கையை வைத்துக்கொண்டு குனிந்தாள். "வலிக்குது."

"சூப்பர்" என்றது அண்ணனின் குரல்.

எடிட்டர் அதைத் திரும்ப ஓட்டினாள். மூச்சு முதலிலா, முகம் முதலிலா? பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தாள். ஒலியை மட்டும் கேட்டாள், படத்தை மட்டும் பார்த்தாள். பதினாறு தடவை பார்த்தாள். எத்தனை மணப்பெண்களின் அம்மாக்களை ஒரு நொடியில் படித்தவள், நாலு வருஷமாகத் தினம் பார்க்கிற இந்த ஒரு முகத்தைப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மூச்சை முதலில் தடுமாறவிடப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டதா? அப்படியானால் அதைக் கற்றுக்கொண்டது எதைப் பார்த்து? பதினொரு லட்சம் பேர் பார்த்த அந்த ஒன்றரை நிமிஷத்தைப் பார்த்துத்தான். அதில் எல்லாம் நிஜம். நன்றாகத் தெரிகிற மாதிரி வெட்டிவைத்தவள் அவள்தான்.

எழுந்து ஹாலுக்குப் போனாள். பட்டாணி நீல சோபாவில் கால்களை மடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். எடிட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"செல்லம், நிஜமாவே வலிக்குதா?"

பட்டாணி தலையைத் தூக்கி ஹாலின் நாலு மூலையையும் பார்த்தாள். கேமரா எதுவும் ஓடவில்லை. அப்புறம் எடிட்டரைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எந்த டேக்ல அத்தை?"

எடிட்டர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அண்ணியிடம் சொன்னாள். "காலைலேருந்து பத்து தடவ அதையே சொல்லிச் சொல்லி அவளுக்கே அப்படித் தோணுது பாரு" என்று அண்ணி சிரித்துவிட்டு, சரி, நாளைக்கும் சொன்னால் டாக்டரிடம் காட்டலாம் என்றாள். நிச்சயமாகத் தெரிந்திருந்தால் எடிட்டர் சண்டை போட்டிருப்பாள்.

திரும்பி வந்து, இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த மாதக் கணக்கு ஏற்கெனவே இருபத்தொன்பதைத் தொட்டிருந்தது. ஏழு டேக்கையும் நிறுத்துக் கடிகாரம் வைத்து அளந்தாள். ஏழாவதைத் தேர்ந்தெடுத்தாள். அதில் பிள்ளை குனிந்துவிட்டதால் முகம் நாலு நொடிதான் தெரிந்தது.